வினிகர் நெடி அடித்த சிலிகான்

ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற குமரி மாவட்டத்தில், காருக்குள் ஒழுகினால் கால்மிதி காயவே காயாது. எங்கள் வீடு குளச்சலில், கடலை ஒட்டி, உப்புக்காற்று வேறு.

முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் கசிவு. குளியலறை இடுக்கை அடைக்க வாங்கி மிச்சமிருந்த சிலிகான் பசையை எடுத்துப் பிதுக்கினேன். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அது இறுகும்போது வெளிவரும் அசெட்டிக் அமிலத்தின் நெடி. பெயின்ட் உரிந்த இரும்பை அந்த அமிலம் அரிக்கும். அடுத்த மழைக்காலத்தில் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பு நெடுகத் துரு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

தக்கலையில் கண்ணாடி மாற்றுகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதன்மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காதே" என்றார். சிலிகானைச் சுரண்டவே அரை நாள் போயிற்று. கண்ணாடியைக் கம்பியால் அறுத்தெடுத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடித்தார். அது காய்ந்தபின் கண்ணாடி விளிம்பில் கறுப்பு பிரைமர், அதற்குமேல் பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தால் இறுகும் பசை அது. நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்! ஆனாலும் ஒருநாள் வண்டியை எடுக்கவில்லை. கதவை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தமே பசையை நகர்த்திவிடும் என்பதால், பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கியே வைத்தேன்.

கார்க் கதவுக்குள் தண்ணீரைத் தடுக்க ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்கு, பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடாவான பியூட்டைல் நாடா போதும். அது இறுகுவதில்லை, வேண்டும்போது கழற்றலாம்.