எலியட் ஸ்மித் ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் எலியட் ஸ்மித் உயிரோடு இருந்தபோது வந்த தனி ஆல்பங்கள் 5. அவர் 2003 அக்டோபரில், 34 வயதில் இறந்த பிறகு வந்தவற்றில் முக்கியமானவை 2. ஏழையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்றாவது ஆல்பத்துக்குள் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும், "ஒரே சோகம்பா" என்று மூடிவைக்கத் தோன்றும். ஆல்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். முழுசாகக் குறைந்தது மூன்று முறை, பாட்டு வரிசையை மாற்றாமல்.

முதலில் காதைத் தயார் செய்ய வேண்டும். போன் ஸ்பீக்கர் இவருக்கு ஆகாது. ஸ்மித் ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். பல பாட்டுகளில் ஒரு குரல் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் விலகி நிற்கும். சின்ன ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து, மூக்கடைத்த ஒற்றைக் குரலாகிவிடும். சாதாரண வயர் ஹெட்போன் போதும். ஈக்வலைசரில் பேஸ் கூட்டிவைத்திருந்தால் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கிட்டாரின் தடித்த தந்திகள் குரலை மூடிவிடும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். கிசுகிசுப்பான பாட்டுக்கு அடுத்து முழு இசைக்குழுப் பாட்டு வந்து விழுந்தால் இரண்டுமே கெடும்.

பரிசோதனைக்கு 1995 ஆல்பத்தின் முதல் பாட்டான 'நீடில் இன் த ஹே'யைப் போடுங்கள். டிரம்ஸ் இல்லை, கிட்டாரும் குரலும் மட்டும். வரி முடியும் இடத்தைக் கவனியுங்கள்: கடைசி மெய்யெழுத்தில் இரண்டு வாய்களும் ஒரே கணத்தில் மூடாது. இம்மி அளவு முன்பின் இருக்கும். ஒரே ஆள் தன் காதுக்குள் தானே பேசுவதுபோல இருக்கிறதே, அது அந்த இம்மியில் இருந்து வருவது. எஃபெக்ட் பெட்டியில் வராது, இரண்டு முறை பாடினால்தான் வரும். இது கேட்கிறது என்றால் உங்கள் செட்டப் சரி.

இனி வரிசை. வெளியான ஆண்டுப்படி போக வேண்டாம். நடுவில் இறங்குங்கள்: 1997இல் கில் ராக் ஸ்டார்ஸ் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட 'ஈதர்/ஆர்'. 12 பாட்டு, சுமார் 37 நிமிடம். தலைப்பு கீர்க்ககார்டின் தத்துவ நூலில் இருந்து எடுத்தது, அதைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை. வீட்டுப் பதிவின் நெருக்கமும் நல்ல மெட்டுக்கட்டும் சம அளவில் அமைந்த ஆல்பம் இது ஒன்றுதான் என்பது எங்கள் கணிப்பு. நான்காவது பாட்டு 'பிட்வீன் த பார்ஸ்'. மூன்று மூன்றாக நடக்கும் தாளம், நம்மூர்க் காதுக்குத் திஸ்ர நடை என்றால் புரியும். மெட்டு தாலாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது காதலனா, கோப்பையில் இருக்கும் மதுவா? இரண்டுக்கும் வரிகள் பொருந்தும். முதல்முறை மெட்டுக்காகவும் இரண்டாம்முறை சொற்களுக்காகவும் கேளுங்கள். 'க்யூபிட்ஸ் ட்ரிக்'கில் எலக்ட்ரிக் கிட்டார் இரைகிறது என்று தாண்டிவிடாதீர்கள். அந்தச் சத்தம் முன்னால் இருப்பதால்தான் கடைசிப் பாட்டு 'சே யெஸ்' அவ்வளவு வெளிச்சமாகக் கேட்கிறது.

அடுத்து பின்னோக்கி. 1995 ஆல்பத்துக்கு அவர் பெயரே தலைப்பு. அதனால் தேடலில் பெயரைத் தட்டினால் எல்லாமும் கொட்டும், ஆண்டைப் பார்த்து எடுங்கள். உலர்ந்த, கசப்பான ஆல்பம். போதைப்பொருளின் பெயர்கள், மதுவின் பெயர்கள் நிறைய வரும். அவற்றை டைரிக் குறிப்பாகப் படித்தால் பாட்டு சிறுத்துப்போகும். ஒன்றை விட முடியாத மனநிலைக்கு அவை உருவகங்கள் என்று எடுத்துக்கொண்டால் வரிகள் பிடிபடும்.

அதன்பிறகே 1994இன் 'ரோமன் கேண்டில்'. 9 பாட்டு, அரை மணி நேரம். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில், நான்கு ஒலித்தடங்கள் மட்டுமே பதியும் நான்கு டிராக் நாடாக் கருவியில் பதிவானது. நான்கு டிராக் என்றால் கணக்கு எளிது: கிட்டார் ஒன்று, இன்னொன்று, குரல் இரண்டு முறை, தீர்ந்தது. மேலே எதுவும் வேண்டுமென்றால், இருப்பவற்றை ஒரு டிராக்குக்குள் இறக்கி இடம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல் கூடும். பின்னணியில் அது கேட்டால் உங்கள் ஹெட்போன் பழுது இல்லை. நான்கு பாட்டுகளுக்குத் தலைப்பே வைக்காமல் 'நோ நேம்' என்று எண் மட்டும் கொடுத்திருக்கிறார். வாங்குவதாக இருந்தால் பதிப்பைப் பாருங்கள். 2010 மறுவெளியீட்டில் ஒலிப்பொறியாளர் லாரி கிரேன் தந்திமேல் விரல் வழுக்கும் கீச்சொலியையும் கூர்மையான 'ஸ' ஒலிகளையும் தணித்திருக்கிறார். காதுக்கு இதம் அதுதான். கரடுமுரடு வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சிடி.

போர்ட்லாந்து வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். இவர் பாட்டுகளில் வரும் காண்டோர், அலமீடா, பவல் எல்லாம் அங்கே உள்ள தெருக்கள். கற்பனை ஊர் இல்லை.

இப்போது தாவல். 1997இல் 'குட் வில் ஹண்டிங்' படத்துக்கு எழுதிய 'மிஸ் மிசரி' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 1998 மார்ச்சில் வெள்ளை கோட் சூட்டில் அந்த மேடையில் பாடினார், விருது 'டைட்டானிக்' பாட்டுக்குப் போனது. இந்தப் பாட்டை ஐந்து ஆல்பத்திலும் தேடிக் களைத்தவர்கள் உண்டு. எதிலும் இல்லை. படத்தின் பாடல் தொகுப்பில் இருக்கிறது, ஆரம்பகால வடிவம் 'நியூ மூன்' தொகுப்பில்.

அதே 1998இல் டிரீம்வொர்க்ஸ் என்ற பெரிய இசை நிறுவனம் வெளியிட்டது 'எக்ஸ்ஓ'. ஸ்டூடியோ, பியானோ, தந்தி வாத்தியங்கள், முழு டிரம்ஸ். ஒலியளவை முதல் பாட்டின் தொடக்கத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். 'ஸ்வீட் அடலைன்' ஒற்றைக் கிட்டாரில் அடக்கமாகப் போய், நடுவில் மொத்த இசைக்குழுவும் மடை திறந்ததுபோல உடைத்துக்கொண்டு வரும். அந்த இடத்துக்கு ஓட்டிப்போய் அளவை வைத்துவிட்டு, முதலில் இருந்து கேளுங்கள். கடைசிப் பாட்டில் வாத்தியமே கிடையாது. அவருடைய குரலே அடுக்கடுக்காக. அடித்தளத்தில் இரண்டாக இருந்தது இங்கே கோரஸ் ஆகிவிட்டது. 'ரோமன் கேண்டில்' கேட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் இது உறைக்கும், வரிசையை மாற்றச் சொன்னது இதற்காகவும்தான்.

2000இன் 'ஃபிகர் 8' நீளம்: 16 பாட்டு, 52 நிமிடம். ஒரே மூச்சில் கேட்டால் பிற்பாதி அடிபட்டுப்போகும். எட்டாவது பாட்டோடு நிறுத்தி, மறுநாள் மீதி. இதில் உள்ள 'சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ'வைப் பெயர் சொல்லித் தேடினால், அதே தலைப்பில் பாடகர் கோட்யேவின் 2011 பாட்டுதான் முன்னால் வந்து நிற்கும். அது வேறு, இது வேறு.

'ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் த ஹில்' 2004இல் வந்தது. அவர் முடிக்காமல் விட்டதை அவருடைய தயாரிப்பாளர் ராப் ஷ்நாஃபும் முன்னாள் காதலி ஜோனா போல்மும் முடித்துக் கொடுத்தார்கள். பாட்டு வரிசையும் இறுதிக் கலவையும் அவர் கைப்பட்டவை அல்ல, அதை நினைவில் வைத்துக் கேளுங்கள். மனம் சரியில்லாத இரவில் தனியாக இதைப் போட வேண்டாம், பகலில் கேளுங்கள்.

'நியூ மூன்' (2007) கழித்துப்போட்ட சரக்கு என்று நினைத்து விடுபவர்கள் அதிகம். 1994 முதல் 1997 வரை பதிவான 24 பாட்டு அதில் இருக்கிறது. 'ஈதர்/ஆர்' பிடித்திருந்தால் இதையும் அடுத்தடுத்து நாலைந்து பாட்டாகக் கேட்கலாம்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கூடவே வாசித்துப் பார்த்து சுருதி சேரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பல பாட்டுகளில் அவர் ஆறு தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறார். தடித்த தந்தியில் இருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி. எல்லாப் பாட்டும் அப்படி இல்லை, அதனால் முதலில் தடித்த தந்தியை மட்டும் பாட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு மற்றதை இறக்குங்கள்.