மாளிகைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும்முன்

இங்கிலாந்தின் பக்கிங்காம் ஊரிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஒன்றரை மைல் ஓடும் மரச்சாலை. அதன் முனையில் ஒரு பெரிய வளைவு, அதற்கும் அப்பால் தூண்வரிசையோடு, இன்று விடுதிப் பள்ளியாக இருக்கும் ஸ்டோ மாளிகை. இப்படியொரு பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர் வகுப்பறையைப் பார்ப்பதற்கு முன்பே மனத்துக்குள் முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மாளிகை அழகுதான். ஆனால் அங்கே உங்கள் பிள்ளையின் அன்றாடத்தை நடத்துவது அதன் வயதும் விதிகளும்.

ஸ்டோவின் உரிமையாளரான இரண்டாம் பக்கிங்காம் கோமகன் கடனில் மூழ்கி, 1848இல் வீட்டுச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் விட்டார். 1923 மே மாதம் அங்கே பள்ளி தொடங்கியது. பிரயன்ஸ்டன், வெஸ்டன்பர்ட் மாளிகைகள் 1928இல் பள்ளிகளாயின. முதல் உலகப் போருக்குப் பிறகு வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் கைமாறிய மாளிகைகள் ஏராளம். ஸ்டோவின் தோட்டம் 1989 முதல், பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் இருக்கிறது. பொதுமக்கள் சீட்டு வாங்கி உலாவ வருவார்கள். தோட்டத்தில் ‘டெம்பிள்’ என்ற பெயரில் பல கட்டடங்கள் இருப்பதைக் கேட்டுத் தேங்காய் பழத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அவை அலங்கார மண்டபங்கள். கட்டிய குடும்பத்தின் பெயரே டெம்பிள்தான்.

விசாவில் இரண்டு வழி உண்டு. நீங்களே இங்கே வேலை விசாவில் இருந்து, பிள்ளை உங்களைச் சார்ந்தவராக வந்திருந்தால் தனி விசா தேவையில்லை. பிள்ளை மட்டும் வருவதானால் ‘சைல்டு ஸ்டூடன்ட்’ விசா. பள்ளி தரும் சேர்க்கை உறுதி எண், பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டின் விவரம் எல்லாம் வேண்டும். இந்தியா, இலங்கையிலிருந்து விண்ணப்பித்தால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த காசநோய்ச் சான்றிதழும் வேண்டும். அது ஆறு மாதமே செல்லும். மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு.

நம்மவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்வது பெயரில். முன்னெழுத்தோடு எழுதிப் பழகிய பெயரைக் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பள்ளிப் படிவத்தில் வேறு மாதிரி எழுதினால், உறுதி எண்ணில் உள்ள பெயரும் கடவுச்சீட்டும் பொருந்தாமல் விண்ணப்பம் தடுமாறும். கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். கூப்பிடும் பெயருக்குப் படிவத்தில் தனி இடம் இருக்கும். அதை நிரப்பாவிட்டால் பிள்ளையை வகுப்பில் அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.

கட்டணத்தோடு 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரியும் சேர்கிறது, விடுதிக்கும் சேர்த்தே. ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது நோட்டீஸ் விதி. பெரும்பாலான பள்ளிகளில் விலகுவதற்கு ஒரு முழுப் பருவ அறிவிப்பு வேண்டும். ஜூலையில் விலகுவதானால் ஏப்ரல் பருவத்தின் முதல் நாளுக்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும், அதுவும் தலைமை ஆசிரியருக்கு. விடுதிப் பொறுப்பாளரான ஹவுஸ்மாஸ்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது செல்லாது. ஒரு நாள் தவறினாலும் ஒரு பருவக் கட்டணம் போய்விடும்.

பருவத்தின் நடுவே ‘எக்ஸியட்’ எனப்படும் வார இறுதிகளில் பல பள்ளிகள் விடுதியை மூடிவிடும்; நடுப்பருவ விடுமுறையும் உண்டு. அப்போது பிள்ளை தங்க, பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் இங்கே ஒரு கார்டியன் வேண்டும். அதற்கென அங்கீகாரம் தரும் அமைப்பு ஏஜிஸ். சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் சட்டப்படி அது ‘பிரைவேட் ஃபாஸ்டரிங்’, அதாவது தனிப்பட்ட வளர்ப்புப் பொறுப்பு. ஆறு வாரத்துக்கு முன்பே உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நெருங்கிய உறவு என்றால் தாத்தா பாட்டி, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் அளவில்தான். அப்பாவின் பெரியப்பா மகன் நமக்குச் சித்தப்பா. இந்தச் சட்டத்துக்கு அவர் அந்நியர். கோடை விடுமுறை முழுக்க அவர் வீட்டில் விடுவதானால் 28 நாள் சட்டென்று தாண்டிவிடும்.

இனி பெட்டி. உடுப்பில் பெயர்ப்பட்டை தைத்திருக்க வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டும் வகை சில சலவையிலேயே உரிந்துவிடும். பத்து ஜோடி காலுறைக்கே இருபது பட்டை ஆகிவிடும். சட்டை, துவாலை, விளையாட்டு உடுப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆறு டஜன் பற்றாது; 144 வாங்கி, மீந்ததை, பிள்ளைகளின் உடுப்பையும் உடல்நலத்தையும் கவனிக்கும் விடுதி மேட்ரனிடம் கொடுத்துவையுங்கள். உயர்ந்த கூரையும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் உள்ள பழைய அறையில் குளிர் லேசில் விடாது. மெத்தைப்போர்வையைப் பள்ளி தராவிட்டால் 13.5 டாக் (போர்வையின் கதகதப்பைச் சொல்லும் அளவு) வாங்குங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் சேற்றில் நடக்க ரப்பர் பூட்ஸ் கட்டாயம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

சுவரில் ஆணி, டேப் எதுவும் கூடாது. ஸ்டோ போன்றவை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்கள்; அனுமதியின்றி மாற்றினால் குற்றம். தண்ணீர் காய்ச்சும் கம்பி, ரைஸ் குக்கர், ஊதுபத்தி, அகல்விளக்கு எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். சாமி படத்துக்கு பேட்டரி விளக்கு போதும். டியோடரன்ட் புகைக்கே தீயலாரம் அலறி, நள்ளிரவில் விடுதி மொத்தமும் புல்வெளியில் நடுங்கி நிற்க நேரும்.

இங்கே சைவம் என்றால் முட்டை சேரும். ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். சாப்பிடாதவற்றை உணவுப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஊரிலிருந்து நெய், பால்கோவா கொண்டுவரக் கூடாது, பால்பொருட்களுக்குத் தடை. கடலை மிட்டாயைப் பல பள்ளிகள் ஒவ்வாமை காரணமாக வாங்கிவைத்துவிடும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பிளாஸ்டிக் டப்பாவில் போகலாம். மருந்து எதுவும் பிள்ளையின் அலமாரியில் இருக்கக் கூடாது; சித்த மருந்தானாலும் ஆங்கிலக் குறிப்போடு மேட்ரன் கையில்.

பல பள்ளிகளில் கிறிஸ்தவ வழிபாட்டுக்கூடத்துக்கு எல்லாரும் போக வேண்டும். வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும் வேண்டாமென்றால் இடத்திலேயே உட்காரலாம். அல்லது வரிசையில் போய், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டால் ஆசி மட்டும் கிடைக்கும்.

பள்ளிப் பணியில் இல்லாத ஒருவரிடம் பிள்ளை தனியாகப் பேச வழி இருக்க வேண்டும் என்பது விடுதிகளுக்கான அரசு விதி. பெட்டியை இறக்கிவைத்ததும் அவருடைய தொலைபேசி எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் கைப்பேசியில் ஏற்றிவிட்டுக் காரில் ஏறுங்கள்.