குடல் பாக்டீரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில், உடம்பில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது. குடலைச் சரிசெய்தால் மனச்சோர்வு பறந்துவிடும்' என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதல் வரி சரி. குடல் பாக்டீரியாக்கள் வெளியிடும் சில பொருட்கள் குடல் சுவரின் செல்களைத் தூண்டி செரோடோனினைச் சுரக்க வைக்கின்றன என்பதையும் 2015-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஆனால் அந்த செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் சுரப்பதற்கு வேறு வேலை: குடலை அசைய வைப்பது, ரத்தம் உறைய உதவுவது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகப் பேச்சுவார்த்தை உண்டுதான். அதை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தயிருக்கு மாறுவது விபரீதம்.

அடுத்தது, புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியாவை அடைத்த மாத்திரை, பொடி) டப்பாவில் எத்தனை கோடி பாக்டீரியா என்று பார்த்து வாங்குவது. ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு இது கட்டாயம் என்றே பலர் நினைக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் பழைய பாக்டீரியாக் கூட்டம் திரும்பி வரத் தாமதமானது. சிறிய ஆய்வுதான், என்றாலும் காசைக் கொட்டுவதற்கு முன் யோசிக்கலாம்.

உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி போடுகிறோமா என்பதுதான் முக்கியம். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்தே எடுக்கின்றன.

சரி என்று மறுநாளே மூன்று வேளையும் சுண்டல், கீரை, ஓட்ஸ் என்று இறங்கினால்? வயிறு உப்பி, வாயு பிடுங்கும். 'எனக்கு ஒத்துக்காது' என்று நாலாம் நாள் விட்டுவிடுவார்கள். நார்ச்சத்தைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டினால் பெரும்பாலும் பழகிவிடும். சோறு ஆறும்போது அதில் செரிக்காத மாவுச்சத்து ஓரளவு கூடுகிறது. அதுவும் நார்ச்சத்து மாதிரி பாக்டீரியாவுக்குத் தீனிதான். பழைய சோற்றுக்கு அந்த லாபம் உண்டு. அதற்காகச் சர்க்கரை நோயாளி கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

அப்புறம், மலப் பரிசோதனையில் பியூட்டிரேட் போன்ற அமிலங்களின் அளவைப் பார்த்து 'உங்கள் குடலுக்கு இத்தனை மார்க்' என்று சொல்லும் ரிப்போர்ட்டுகள். உருவாகும் அமிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தைக் குடல் உறிஞ்சிவிடுகிறது. மலத்தில் வருவது மிச்சம். மிச்சம் குறைவாக இருப்பதற்கு உற்பத்தி குறைவு காரணமா, நன்றாக உறிஞ்சப்பட்டது காரணமா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.