பால் சேர்க்காத மாம்பழ ஐஸ்

இதற்குப் பங்கனபள்ளிதான் என் முதல் தேர்வு. சதை அதிகம், நார் கிடையாது. நாட்டுப் பழம்தான் கிடைத்தது என்றால் சரி, அரைத்த பிறகு வடிகட்டிவிடுங்கள்.

2 பெரிய பழங்களில் அரை கிலோ சதை வரும். அதோடு 5 மேசைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் மைய அரையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். பழமே இனிக்கிறதே என்று சர்க்கரையைக் குறைத்துவிடாதீர்கள். கலவை பாறையாக இறுகாமல் காப்பது அதுதான். சர்க்கரை கரைந்த நீர் 0 டிகிரிக்கும் கீழேதான் உறையும். அதோடு, சில்லென்று சாப்பிடும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அதனால் அரைக்கும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்.

அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். எவர்சில்வர் சீக்கிரம் குளிரும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவில் கலந்துவிடுங்கள். மூன்று முறை போதும். பனித்துகள் பெரிதாக வளராமல் இருக்கத்தான் இந்த வேலை, விட்டுவிட்டால் நறநறவென்றிருக்கும். அப்புறம் மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள்.

பரிமாற 10 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். மேலே துளி மிளகாய்த்தூள் தூவிப் பாருங்கள், என் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்.