மேடுபள்ளமான யார்டில் ஃபோர்க்லிஃப்டைத் திருப்பும் முறை

பர்கூர் பக்கத்துக் கிரானைட் யார்டுகளில் தரை ஒரே மாதிரி இருக்காது. ஷெட் வாசலில் கான்கிரீட், அதைத் தாண்டினால் சரளை, மழை பெய்துவிட்டால் வழுக்கும் செம்மண். நான்கு சக்கரமும் திரும்பும் ரஃப் டெரெய்ன் வண்டிக்கு, அதாவது கரடுமுரடான தரைக்கென்றே செய்த ஃபோர்க்லிஃப்டுக்கு, இங்கே வேலை அதிகம். அதன் ஸ்டியரிங் முறை மூன்று.

நீள ஓட்டத்துக்கு முன்சக்கரம் மட்டும் திரும்பும் முறை போதும். ஸ்டாக்குகளுக்கு நடுவே சந்தில் திரும்ப, பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் முறையைப் போடுங்கள். இதில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும், அங்கே ஆள் நிற்கவே கூடாது. மூன்றாவது நண்டு முறை. நான்கு சக்கரமும் ஒரே பக்கம் திரும்ப, வண்டி மூஞ்சியைத் திருப்பாமல் சாய்வாக நகரும். இரண்டரை மீட்டர் நீள க்ரேட்டைச் சுவரோரம் ஒட்டி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

தகராறு வருவது முறை மாற்றும்போதுதான். பின்சக்கரம் கோணலாக இருக்கும்போதே முன்சக்கர முறைக்குப் போனால், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே போகும். அப்படி ஆகிவிட்டால் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திரும்பும் முறையைப் போட்டு, பின்சக்கரம் நேராகும்வரை ஸ்டியரிங்கைச் சுற்றுங்கள். பிறகு முன்சக்கர முறைக்கு மாற்றி முன்சக்கரத்தை நேராக்குங்கள். பின்சக்கரம் நேரானதைக் காட்டும் விளக்கு சில வண்டிகளில் உண்டு. இருந்தாலும் கண்ணாடியில் டயரைப் பார்த்துவிடுங்கள், விளக்கின் சென்சாரில் சேறு அப்பியிருக்கலாம்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். இரண்டரைக்கு ஒன்றரை மீட்டர், 2 செ.மீ. தடிமன் ஸ்லாப் ஒன்று 200 கிலோ, பத்து சேர்ந்தால் 2 டன். ஃபோர்க்கைத் தாங்கி நீளும் கையான பூம் நீள நீள வண்டி தாங்கும் எடை குறையும், எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட் பார்க்காமல் தூக்காதீர்கள்.

வண்டியைப் பக்கவாட்டில் சமன் செய்யும் ஃப்ரேம் லெவலிங் இருந்தால், பூம் தாழ்ந்து உள்வாங்கியிருக்கும்போதே கேபினிலுள்ள குமிழ்மட்டம் நடுவுக்கு வரும்படி சரிசெய்யுங்கள். தூக்கிய பிறகு தொடவே கூடாது. 6 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு டிகிரி சாய்வு, லோடைப் பக்கவாட்டில் 10 செ.மீ. தள்ளிவிடும்.

சேற்றில் இறங்குமுன் வண்டியை நிறுத்தி, ஒரே ஆக்சிலின் இரு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃப் லாக் போடுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தபின் போட்டால் ஆக்சிலுக்குள் கியர் பல் உடையும். கெட்டித் தரைக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள், போட்டபடி திருப்பினால் டயரும் ஆக்சிலும் தேயும்.

சரிவில் லோடோடு போனால் லோடு மேட்டுப்பக்கம் இருக்கட்டும், காலி வண்டி என்றால் ஃபோர்க் பள்ளப்பக்கம். சரிவின் குறுக்கே திருப்பாதீர்கள்.

தினமும் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரின் காற்றையும் அளந்து பாருங்கள். ஒரு டயரில் குறைந்தால் குமிழ்மட்டம் சரியாகக் காட்டினாலும், லோடு ஏறியதும் வண்டி அந்தப் பக்கம் அமுங்கும்.