92 அடிப்பதா, 95 அடிப்பதா? வன்னியில் சொகுசுக் கார் ஓட்டுபவர்களுக்கு

பென்ஸ், பிஎம்டபிள்யூ, அவுடி, லெக்சஸ் மாதிரி ஒன்றைக் கொண்டுபோய்ப் பெற்றோல் செட்டில் நிறுத்தினால், அடிக்கிற தம்பி அனேகமாகக் கேட்காமலே விலை குறைந்த 92 ஒக்டேன் குழாயை விட்டு 95 ஒக்டேன் குழாயில் கை வைப்பார். விலை கூடின காருக்கு விலை கூடின பெற்றோல் என்று ஒரு கணக்கு. சில கார்களுக்கு அது சரி. சில கார்களுக்குக் காசைக் கரியாக்குகிற வேலை. உங்கள் கார் எந்தப் பக்கம் என்று அறிய மெக்கானிக்கிடம் போகத் தேவையில்லை, பெற்றோல் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள்.

அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். ஐரோப்பியக் கார் என்றால் பெரும்பாலும் ஆர்.ஓ.என் 95 என்று போட்டிருக்கும் (ஆர்.ஓ.என் என்பது ஒக்டேனை அளக்கிற ஒரு முறை). அந்த எண் குறைந்தபட்சமா, பரிந்துரையா என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. குறைந்தபட்சம் 95 என்றால், வழியில் மாட்டிக்கொண்ட அவசரத்துக்கு ஒழிய, அதற்குக் கீழே இறங்கக்கூடாது. பரிந்துரை 95, குறைந்தபட்சம் 91 என்று இரண்டு எண் போட்ட கையேடுகளும் உண்டு, பல பிஎம்டபிள்யூக்களில் அப்படித்தான். அவற்றுக்கு 92 அடித்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து நேரே இறங்கிய கார் என்றால் ஸ்டிக்கரும் ஜப்பான் எழுத்தில்தான் இருக்கும். போன் கமராவை அதன்மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். பிரீமியம் என்று வந்தால் இங்கே 95. ஜப்பானில் பிரீமியம் என்பதற்குக் குறைந்தபட்சமே 96 என்பதால் 92 பக்கம் போகவே வேண்டாம். ரெகுலர் என்று வந்தால், அங்கே ரெகுலருக்கான தரம் 89 இலிருந்து தொடங்குகிறது, நம்முடைய 92 தாராளமாகப் போதும்.

அப்புறம் இந்தக் கனடாக் குழப்பம். லீவில் வந்து நிற்கிற மாமா, "நான் ரொறன்ரோவில என்ர பிஎம்டபிள்யூவுக்கு 91தான் அடிக்கிறன், உனக்கு 92 காணும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வட அமெரிக்காவில் எழுதுகிற எண் இரண்டு விதமான சோதனைகளின் சராசரி, நாம் எழுதுவது அதில் ஒன்றான ஆர்.ஓ.என் மட்டும். அங்கத்தைய 91 இங்கே ஏறக்குறைய 95, அங்கத்தைய 87 இங்கே ஏறக்குறைய 92. ஆகவே மாமா அங்கே அடிப்பது நம்முடைய 95ஐத்தான். லண்டன் சித்தப்பா சொல்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அங்கேயும் ஆர்.ஓ.என்தான்.

ஒக்டேன் கூடினால் பெற்றோலில் சக்தி கூடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. பெற்றோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் அமுக்குப்படும்போது, பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேரும் முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கிற திறனுக்குத்தான் அந்த எண். தாக்குப்பிடிக்காவிட்டால் எஞ்சின் தட்டும்: கிரவல் கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் சித்திரை வெயிலில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டு அக்சலேற்றரை ஒரேயடியாக மிதிக்கும்போது. இப்போதைய கார்களில் அந்தத் தட்டலை உணர்கிற சென்சர் இருக்கிறது, அது உடனே பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். எஞ்சின் தப்பும், ஆனால் லீற்றருக்கு ஓடுகிற தூரம் குறையும். டேர்போ உள்ள எஞ்சினில் இந்தக் குறைவு நன்றாகவே தெரியும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது, எதை ஊற்றினாலும் ஓடும் என்ற நம்பிக்கை பழைய ஆட்களிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு, அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. பென்ஸ் பொறுக்காது. பெட்டிக்கடையில் போத்தலில் வைத்து விற்கிற பெற்றோலும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

சரி, 95 போட்டால் காசு மிச்சமா? பரிந்துரை மட்டும் உள்ள கார்களை அமெரிக்காவின் ட்ரிபிள் ஏ வாகனச் சங்கம் 2017இல் சோதித்தபோது, பிரீமியம் பெற்றோலில் லீற்றருக்கான தூரம் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. 95இன் விலை 92ஐ விட எத்தனை சதவீதம் கூட என்று பாருங்கள் (விலை மாதா மாதம் மாறுவதால் நான் எண் போடவில்லை). 10 சதவீதம் கூட என்றால், தூரமும் 10 சதவீதம் கூடினால்தான் கணக்கு நேர்படும். கூடாது. ஆகவே பரிந்துரைதான் என்றால், காசு மிச்சம் பிடிக்க 92, இழுவை வேண்டுமென்றால் 95. ரெகுலர் காருக்கு 95 அடிப்பது தேவையில்லாத செலவு.

வாய்க்கணக்கை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். டாங்கை நிரப்பச் சொல்லி, குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் விட்டுவிடுங்கள், மேலே சொட்டுச் சொட்டாகத் திணிக்க விடாதீர்கள். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். முக்கால் டாங்க் ஓடியபின் அதே செட்டில் அதே குழாயில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் பிரியுங்கள். 410 கிலோமீற்றருக்கு 38 லீற்றர் என்றால் லீற்றருக்கு 10.8. டாஷ்போர்ட் காட்டுகிற எண் வழக்கமாக இதைவிடக் கொஞ்சம் அழகாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். போகிற வழியை மட்டும் அளந்துவிட்டு 92ஐத் திட்டாதீர்கள், போய் வருவதைச் சேர்த்தே அளக்க வேண்டும். மன்னார் - பூநகரிப் பாதை மாதிரி வெட்டை வெளியில் இது இன்னும் மோசம்.

ஓட்டும் விதம் ஒக்டேனைவிடப் பெரிய விஷயம். ஏ9 நேரான, மேடு பள்ளம் இல்லாத ரோட்டு, அதில் சட்டப்படியான 70இல் ஒரே சீராகப் போனால் கிடைக்கிற தூரம் 100இல் பறந்தால் கிடைக்காது, வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாக ஏறும். ரயர் காற்றைக் காலையில் கார் ஓடும் முன் பாருங்கள், அளவு வழக்கமாக ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெற்றோல் மூடியின் உட்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். உள்வீதிகளின் செம்புழுதியில் ஓடுகிறவர்கள் எயார் ஃபில்டரைக் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும். அப்புறம் கலியாண வீட்டு மண்டபத்துக்கு வெளியே ஏசியைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நிற்கிற கார்கள்! அந்த நேரத்தில் லீற்றருக்குப் பூச்சியம் கிலோமீற்றர்.

95தான் கட்டாயம் என்ற கார் வைத்திருப்பவர்கள், ஒட்டுசுட்டான், மாந்தை, துணுக்காய் பக்கம் போகும் முன் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கிற செட்டுகளில் 95 இல்லாமல் போகலாம். மாட்டிக்கொண்டால் தேவையான அளவு மட்டும் 92 அடியுங்கள். பாதி டாங்க் 95 இருக்கும்போது பாதி 92 ஊற்றினால் ஏறக்குறைய 93.5 வரும். அது முடியும்வரை மெதுவாக ஓட்டுங்கள், உயர் கியரில் எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது அழுத்தி மிதிக்காதீர்கள், முந்த வேண்டுமென்றால் கியரை இறக்கி முந்துங்கள். அடுத்த டவுணில் 95 ஊற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும்போது மட்டும் எடுக்கிற, மற்ற மாதங்களில் முற்றத்தில் படங்கு மூடிக் கிடக்கிற கார் என்றால், ஒக்டேனைவிடப் பெற்றோலின் வயதுதான் பிரச்சினை. மாதக்கணக்கில் கிடந்தால் இலேசான பகுதி ஆவியாகி, ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எடுக்கிற அன்று முதல் வேலையாகப் புதிய பெற்றோல் அடித்துக் கலந்து, பற்றரியையும் ரயர் காற்றையும் பார்த்துவிட்டுப் பயணம் வெளிக்கிடுங்கள்.