கேஷும் காசும்: சொற்பிறப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றித் தமிழில் எழுதப் புதிதாக வருகிறவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் சொற்களில் ஒன்று, பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’. அவர்கள் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். எழுத்துப்பிழை, உச்சரிப்புப் பிழையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள், அவை இங்கே வேண்டாம். ஒருமுறை வெளியாகிவிட்டால் பகிர்ந்து பகிர்ந்து, திரும்பப் பிடிக்கவே முடியாமல் போகும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பார்ப்போம்.

## ஒலி ஒத்ததும் உறவு கொண்டாடுவது

‘நம்முடைய காசுதான் ஆங்கிலத்துக்குப் போய் கேஷ் ஆனது.’ இந்த ஒரு வரியை எத்தனை முறை மறுத்தாலும் மறுபடி முளைக்கிறது. ஆதாரம் கேட்டால், “காதில் கேட்கிறதே, போதாதா?” என்பார்கள். போதாது.

காசு தமிழில் பழைய சொல் என்பதில் ஐயமில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் ஒரு கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தில் ஒருவர் பிடித்திருக்கும் பொற்காசு போல அந்தப் பழம் தோன்றுகிறதாம். சோழர் கல்வெட்டுகளிலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றடி முடியும் வாய்பாடுகளிலேயே ஒன்றுக்குக் காசு என்றுதான் பெயர். ஆனால் இவையெல்லாம் சேர்ந்து நிறுவுவது, சொல் தமிழில் பழையது என்பதை மட்டுமே. அது வேறொரு மொழிக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல, என்ன பொருளில், எந்த வழியில், எப்போது போனது என்று தனியாகக் காட்ட வேண்டும்.

முதலில் பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டும்போது, கேஷ் என்பதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. 1598இல் ஜான் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு வணிகரின் கேஷ் என்று விளக்கம் தருகிறது. காஸ்ஸா என்றால் பெட்டி. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. காசுக்கோ நாணயம், மணி, குற்றம் என்றெல்லாம் பொருள் உண்டு, பெட்டி என்ற பொருள் கிடையாது. வழக்கு இங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

அடுத்தது வழி. லத்தீனில் ‘காப்ஸா’ என்பது சுருள் ஏடுகளை வைக்கும் பெட்டி. அதுவே இத்தாலியனில் காஸ்ஸா, பிரெஞ்சில் ‘கெஸ்’. நடுவிலிருந்த ‘ப்ஸ’ இத்தாலியனில் ‘ஸ்ஸ’ ஆவது இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. ஜிப்ஸம் அங்கே ஜெஸ்ஸோ ஆனதும் அப்படித்தான். பிரெஞ்சின் ‘ஸ்’ ஆங்கிலத்தில் ‘ஷ்’ ஆவதற்கும் துணை உண்டு: ‘ப்ரோஸ்’ பிரஷ் ஆயிற்று, ‘கூஸான்’ குஷன் ஆயிற்று, நாயைக் கட்டும் வார் ‘லெஸ்’ லீஷ் ஆயிற்று. லெஸ் லீஷ் ஆன மொழியில் கெஸ் கேஷ் ஆனதில் வியப்பில்லை. மாற்றம் இப்படி வரிசையாக, பல சொற்களில் நிகழ்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டால் எதையும் எதிலிருந்தும் வரவழைத்துவிடலாம்.

மூன்றாவது காலம். இதில் மறுப்பவர்களும் தவறு செய்கிறார்கள். “கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல், கேஷ் அதற்கு முன்பே வந்துவிட்டது, எனவே காசு அல்ல” என்று முடித்துவிடுகிறார்கள். போர்த்துகீசியர் 1498லேயே கடல்வழி வந்துவிட்டார்களே! அவர்கள் வழியாகச் சொல் முன்கூட்டியே போயிருக்கலாம் என்று எதிராளி சொன்னால் இந்த வாதம் படுத்துவிடும். பொருளும் வழியும் உறுதியாக இருப்பதால்தான் தீர்ப்பு நிற்கிறது. காலம் அதற்குத் துணைச் சான்று மட்டுமே.

இந்தத் தவறு இவ்வளவு எரிச்சலூட்டக் காரணம் வேறு. காசு உண்மையிலேயே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது! ஆனால் அது வேறொரு ‘கேஷ்’. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசைக்கூட நாணயவியலார் இன்றும் இந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள். போர்த்துகீசியர் காசு என்று கேட்டதைப் பலவாறு எழுதிப் பார்த்து, கடைசியில் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘காய்ஷா’ என்ற சொல்லின் வடிவத்திலேயே கொண்டுபோய் ஒட்டவைத்தார்கள். ஆங்கிலேயரும் தம்மிடம் ஏற்கெனவே இருந்த கேஷின் எழுத்துக்கூட்டலையே இதற்கும் கொடுத்துவிட்டார்கள். பிறப்பால் உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே உடை அணிந்தது இப்படித்தான்.

சான்று உலோகத்திலேயே இருக்கிறது. சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி 1803இலும் 1808இலும் அடித்த செப்பு நாணயத்தின் ஒரு பக்கத்தில் ரோமன் எழுத்தில் ‘20 கேஷ்’ என்ற மதிப்பு. அதே பக்கத்தில், மேலே பாரசீகத்தில், இருபது ‘காஸ்’ நான்கு ஃபுலூஸ் (செப்புக்காசு) என்ற வாசகம். ஆங்கிலேயர் ‘ஷ்’ என்று எழுதியதைப் பாரசீகம் தெரிந்தவர் ‘ஸ்’ என்றே எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு, அதாவது வராகனுக்கு 3,360 கேஷ்.

இவ்வளவு அழகான, மறுக்க முடியாத கதை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பொய்யான கதையைச் சொல்வானேன்? பொய் ஒன்று பிடிபட்டால், கட்டுமரம் (கேட்டமரான்), சுருட்டு (செரூட்), மிளகுத்தண்ணீர் (முல்லிகட்டானி) என்று தமிழிலிருந்து நிச்சயமாகப் போன சொற்களையும் கேட்பவர் நம்ப மாட்டார். நட்டம் நமக்குத்தான்.

## எழுத்துக்கூட்டல் ஒன்று என்றால் சொல்லும் ஒன்று என்று நினைப்பது

ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பெரிய அகராதிகள் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்கள் தருகின்றன. அந்தச் சிறிய எண்ணைப் பார்க்காமல் முதல் பதிவை மட்டும் படித்துவிட்டு எழுதுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ காப்ஸாவின் வழிவந்தது. கோர்ட்டுக்குப் போகும் ‘கேஸ்’ ‘காஸுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது, அதற்கு விழுதல், நேர்தல் என்று பொருள். கல்லாவில் உட்காரும் ‘கேஷியர்’ கேஷின் உறவு. ஆனால் இராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல், உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளுள்ள ‘காஸே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது. பணம் கையாடியவரை நீக்கியதால் வந்த பெயர் என்று கதை கட்டினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கறியும் அப்படித்தான். சாப்பிடும் ‘கறி’ தமிழிலிருந்து போனது. குதிரையைத் தேய்த்துவிடுவதற்கும், ‘ஃபேவர்’ சேர்த்துக் காக்காய் பிடிப்பதற்கும் ஆளும் ‘கறி’ பழைய பிரெஞ்சுச் சொல். கூடவரும் அந்த ஃபேவர்கூட முதலில் ‘ஃபேவல்’. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கதக் கவிதையில் வரும் ஃபோவெல் என்ற குதிரையின் பெயர் அது.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு குழி இருக்கிறது. கணினியில் வரும் தற்காலிக நினைவகத்தையும் நாம் ‘கேஷ்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு, பிறப்பும் வேறு. அது ‘ஒளித்து வை’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினை. வட அமெரிக்காவில் தோலுக்காக விலங்கு பிடித்தவர்கள் உணவையும் கருவிகளையும் புதைத்து வைத்த இடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. 1968இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியோடு அது கணினி உலகத்துக்குள் வந்தது. தமிழில் எழுதும்போது முதல் தடவையிலேயே ‘பணம்’, ‘நினைவகம்’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.

## முதல் எழுத்துகளைக் கோத்துக் கதை செய்வது

நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆகவில்லை. புதியது என்ற சொல்லின் பன்மை அது, அவ்வளவுதான். 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சொல்லுக்கு இப்படி ஒரு விளக்கம் யாராவது தந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

## மூலப் பொருள்தான் ‘சரியான’ பொருள் என்று வாதாடுவது

இன்று ‘இனிய, நல்ல’ என்று பொருள்படும் ‘நைஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘அறியாதவன்’ என்று பொருள். அதற்காக யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

## முதல் பதிவு ஆண்டைப் பிறந்த ஆண்டு என்று எழுதுவது

அகராதி தரும் ஆண்டு, கிடைத்திருக்கும் எழுத்துகளில் மிகப் பழையதன் ஆண்டு. பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கும். நாளை இன்னொரு பழைய கடிதம் கிடைத்தால் எண் மாறும். ‘இந்த ஆண்டில் உருவானது’ என்று எழுதாமல் ‘இந்த ஆண்டிலிருந்து எழுத்தில் காணப்படுகிறது’ என்று எழுதுங்கள். அந்த ஆண்டு எந்தப் பொருளுக்கு உரியது என்பதையும் பாருங்கள். பெரிய அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆண்டு உண்டு. காசோலையை மாற்றிப் பணமாக்குவது என்ற வினைப்பொருள், பெயர்ச்சொல்லுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது.

## எங்கே கேஷ் வந்தாலும் ‘ரொக்கம்’ என்று போட்டுவிடுவது

பிறப்பைச் சரியாக எழுதிவிட்டு இன்றைய பொருளில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ‘கேஷ் டிஸ்கவுன்ட்’ என்பதை நோட்டாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி என்று விளக்குவார்கள். வணிகத்தில் அது சீக்கிரம் பணம் கட்டியதற்கான தள்ளுபடி. பில்லில் ‘2/10, நெட் 30’ என்று இருந்தால், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் குறையும், இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத் தொகையும் கட்ட வேண்டும். காசோலையாகக் கட்டினாலும் வங்கி வழியாக அனுப்பினாலும் தள்ளுபடி உண்டு.

கணக்கியலில் கேஷ் இன்னும் அகலம். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 7இன்படி, கையிருப்போடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி வைப்பும் கேஷ்தான். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது அதற்குள் முதிரும், மதிப்பு பெரிதாக ஏறி இறங்காத முதலீடுகள் ‘கேஷுக்கு நிகரானவை’. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கேஷ் என்று பார்த்துவிட்டு, அவ்வளவும் இரும்புப்பெட்டியில் நோட்டுக்கட்டாக இருப்பதாக எழுதினால் சிரிப்பார்கள்.

தொடர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வாய்ப்பை ‘கேஷ் இன்’ செய்வது ஆதாயம் பார்ப்பது. அதோடு ‘சிப்ஸ்’ சேர்ந்துவிட்டால் ஆள் செத்துப்போனார் என்று பொருள். சூதாட்ட மேசையிலிருந்து எழுகிறவர் மீதி வில்லைகளைக் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வதிலிருந்து வந்த வழக்கு அது.